பாதையில் இடைவெளி, பெட்டியில் தடுப்பு: மின்கம்பியையும் தரவு வடத்தையும் பிரிக்கும் சந்திப்புப் பெட்டியின் வடிவமைப்பு – மறைமலைநகர்ப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வீடு, அலுவலகம், தொழிற்கூடம் ஆகியவற்றின் சுவர்களில் 230 வோல்ட் மின்கம்பிகளும், இணையம், தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கான தரவு வடங்களும் இன்று ஒரே பெட்டியில் வந்து சேர்கின்றன. இவ்விரண்டையும் பிரித்து வைப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சைகையில் கலக்கும் இரைச்சலாகும். இரைச்சல் பெரும்பாலும் கம்பிகள் இணைந்து ஓடும் நீண்ட பாதையில் தோன்றுவது. பெட்டிக்குள் முதன்மையானது உயிர்ப் பாதுகாப்பு. எனவே பாதைக்கு வேண்டுவது இடைவெளி, பெட்டிக்கு வேண்டுவது நிலையான தடுப்பு என்பதை இக்கட்டுரை எளிய கணக்குகளின் வழி விளக்குகிறது. மறைமலைநகர், செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரை ஆகிய பகுதிகளின் கட்டடச் சூழலுக்கு ஏற்ற வடிவமைப்பு நெறிகளையும் அது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சந்திப்புப் பெட்டி, இடைத்தடுப்பு, தரவு வடம், காப்புறை, மண்ணிணைப்பு, கொள்ளளவு.

முன்னுரை

சென்னையின் நெரிசலைக் குறைக்கும் துணைநகரமாகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தால் உருவாக்கப்பட்டது மறைமலைநகர். பெருந்தெற்குச் சாலையை ஒட்டிய இந்நகரில் திட்டமிட்ட குடியிருப்புகளும் தொழிற்பேட்டையும் ஒருங்கே வளர்ந்தன. 1990-களின் இறுதியில் ஃபோர்டு நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியபின், உதிரிபாகத் தொழிற்கூடங்களும் வாடகை வீடுகளும் பெருகின. இந்நகரின் தொடக்கக் காலத்தில் கட்டப்பட்ட வீட்டின் சுவருக்குள் விளக்கு, விசிறி, மின்செருகி ஆகியவற்றுக்கான குழாய்கள் மட்டுமே பதிக்கப்பட்டன. அன்று தரவு என்பது, இருந்தால், சுவரின் மேல் ஆணியடித்து ஓடிய ஒரே இணைத் தொலைபேசிக் கம்பிதான்.

அதே வீட்டிற்கு இன்று இணைய இணைப்பு, வாயிற்கேமரா, தொலைக்காட்சி வடம் ஆகியன வந்து சேர்கின்றன. சுவரை மீண்டும் வெட்ட உரிமையாளர் விரும்புவதில்லை. ஏற்கெனவே மின்கம்பி செல்லும் குழாயில் இடம் இருக்கிறது. மின்பெட்டியின் ஓரத்திலும் இடம் இருக்கிறது. தரவு வடம் அவ்வழியே இழுக்கப்படுகிறது. அன்றைக்கு எந்தக் கேடும் நேர்வதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல். இவ்வாறு இரு வகைக் கம்பிகளும் ஒன்றாகச் சேரும் பெட்டியை எவ்வாறு வடிவமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒரே சொல், இரு பொருள்

இந்நகரின் பெயருக்குரிய மறைமலை அடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். அவர் பெயர் தாங்கிய ஊரின் கட்டுமானக் களத்தில் மின்கம்பியும் ‘ஒயர்’, இணைய வடமும் ‘ஒயர்’. குழாய் எதுவாயினும் ‘பைப்’. பெட்டி எதுவாயினும் ‘பாக்ஸ்’. பிறமொழிச் சொல் என்பது இங்கே குறையன்று. இரு வேறு பொருள்களுக்கு ஒரே சொல் வழங்குவதே குறை. ‘இந்த ஒயரையும் அந்தப் பைப்பிலேயே விட்டுவிடு’ என்னும் கட்டளையில் பிழை எதுவும் கேட்பவருக்குத் தோன்றாது.

ஆகவே இக்கட்டுரையில் 230 வோல்ட் மின்வழங்கலைச் சுமப்பது ‘மின்கம்பி’ எனவும், சைகையைச் சுமப்பது ‘தரவு வடம்’ எனவும் வேறுபடுத்திச் சொல்லப்படுகின்றன. இப்பாகுபாட்டின் அடிப்படை, மின்சாரம் உண்டா இல்லையா என்பதன்று. இணைய வடத்தின் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் தரும் முறையில், அவ்வடத்தில் 44 முதல் 57 வோல்ட் வரை நேர்திசை மின்னழுத்தம் இருக்கும். அது மிகத் தாழ்ந்த அழுத்தப் பட்டையைச் சேர்ந்தது. எனவே அவ்வடம் தரவுப் பக்கத்திலேயே அமையும். பிரிக்கும் கோடு மின்னழுத்தப் பட்டையைப் பொறுத்தே அமைகிறது.

இரைச்சல்: நீளத்தின் விளைவு

அருகருகே செல்லும் இரு கம்பிகளுக்கு இடையே சிறிதளவு மின்தேக்குத் திறன் உண்டு. அது மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் எனக் கொள்வோம். 10 மீட்டர் நீளம் ஒரே குழாயில் சென்றால் மொத்தம் 500 பிக்கோஃபாரட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் இதன் வழியே கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ 36 மைக்ரோஆம்பியர். பெட்டிக்குள் அவ்விரு கம்பிகளும் அருகருகே இருக்கும் நீளம் 15 சென்டிமீட்டர்தான். அங்கே கசிவது அரை மைக்ரோஆம்பியரை ஒட்டியே இருக்கும். பாதையின் பங்கு பெட்டியின் பங்கைப் போல் 60 மடங்குக்கும் மேல்.

மேலும், 50 ஹெர்ட்ஸ் அலையை இணையக் கருவிகள் எளிதில் விலக்கிவிடும். 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற முறுக்கிணைக் கம்பி முறையே இன்றைய இணைய வடத்திலும் உள்ளது. முறுக்கிய இரு கம்பிகளிலும் புற இரைச்சல் ஏறத்தாழச் சம அளவில் ஏறுவதால், அவற்றின் வேறுபாட்டை மட்டும் படிக்கும் கருவியில் அது கழிந்துவிடுகிறது. உண்மையில் தொல்லை தருவன விளக்குகளின் மின்னணுச் சுற்றுகள், சுவிட்ச் பொறிகள், மோட்டார் இயக்கிகள் ஆகியவை எழுப்பும் விரைவான அழுத்த மாற்றங்களே.

இந்த உண்மையைப் பெரிய அளவில் காண மறைமலைநகரின் இருப்புப்பாதையே போதும். 1960-களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் நோக்கிய இத்தடம் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்திற்கு மாறியது. இத்தகைய தடங்களுக்கு இணையாகப் பல கிலோமீட்டர் ஓடும் தொலைபேசிக் கம்பிகளில் தூண்டல் மின்னழுத்தம் ஏறும். ஆதலால், கம்பங்களில் ஓடிய கம்பிகளை இறக்கி நிலத்தடி வடங்களாக மாற்றுவது மாறுதிசை மின்மயமாக்கலின் ஒரு பகுதியாயிற்று. உயரழுத்த மின்தடங்களும் தொலைத்தொடர்புத் தடங்களும் அருகருகே செல்வதை ஆராய்ந்து ஒப்புதல் தர, இந்தியாவில் மின்–தொலைத்தொடர்பு ஒருங்கிணைப்புக் குழு என்னும் அமைப்பே உண்டு. வெளியே இத்துணைக் கருத்துடன் பேணப்படும் பிரிவு, வீட்டுச் சுவருக்குள் கவனிப்பாரின்றி விடப்படுகிறது.

இதனால் பெறப்படும் முதல் நெறி: பாதையில் தனிக் குழாயும் இடைவெளியும் வேண்டும். அமெரிக்க, பிரித்தானிய நடைமுறைகள் தடுப்பு இல்லாத இடத்தில் 50 மில்லிமீட்டர் இடைவெளியை அடிப்படை அளவாகக் கொள்கின்றன. இரு வகையும் ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும். அப்போது இணைந்து ஓடும் நீளம் மிகக் குறைகிறது.

ஆபத்து: காப்புறை நீங்கும் இடம்

பாதையில் கம்பி முழுக் காப்புறையுடன் செல்கிறது. பெட்டியில்தான் காப்புறை உரிக்கப்படுகிறது, செப்பு வெளிப்படுகிறது, திருகு இறுக்கப்படுகிறது. பெட்டியின் தகட்டு விளிம்பு கூர்மையாக இருப்பதும், முகத்தட்டை அழுத்தி மூடும்போது கம்பிகள் நசுங்குவதும், மனிதக் கை நுழைவதும் இங்கேதான். எனவே ஒரு வீட்டின் மின்னமைப்பில் இரு வகைக் கம்பிகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்ள வாய்ப்பு மிகுந்த இடம் சந்திப்புப் பெட்டியாகும்.

அவ்வாறு தொட்டால் நிகழ்வது என்ன? 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு 325 வோல்ட். மனித உடலின் எதிர்ப்பு 1,000 ஓம் எனக் கொண்டால் உடல்வழிப் பாயும் மின்னோட்டம் 230 மில்லிஆம்பியர். உயிர்காப்புக்கான ஆர்.சி.சி.பி. துண்டிப்பான் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. முன்னர்க் கண்ட அரை மைக்ரோஆம்பியர் இரைச்சலோடு இதனை ஒப்பிட்டால், பெட்டிக்குள் எதற்கு அஞ்ச வேண்டும் என்பது தெளிவாகும்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. இணையக் கருவிகளின் நுழைவாயிலில் ஒரு சிறு மின்மாற்றி இருக்கிறது; ஈதர்நெட் தரப்படி அது 1,500 வோல்ட் சோதனை அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதனால் தரவு வடத்தின் செப்பு இரு முனைகளிலும் மண்ணோடு நேரடித் தொடர்பற்று நிற்கிறது. மின்கம்பி அதனைத் தொட்டாலும் பெரிய மின்னோட்டம் பாய வழியில்லை, எம்.சி.பி. விழாது, ஆர்.சி.சி.பி. கூட அமைதியாக இருக்கக்கூடும். இணையமும் தொடர்ந்து இயங்கக்கூடும். வடம் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்க, அதனை அறிவிக்கும் குறி எதுவும் வீட்டில் தோன்றாது. அடுத்த அறையில் வடத்தின் முனையைக் கத்தரிக்கும் பணியாளரோ செருகியைத் தொடும் குழந்தையோதான் அப்பிழையை முதலில் அறிய நேரும். தொலைக்காட்சி வடத்திலோ நிலைமை இன்னும் நேரடியானது. அதன் வெளிப்புற உலோகப் பின்னல் பெட்டியின் உலோகச் செருகுவாயோடு இணைந்திருக்கிறது.

பணியாளர் பற்றிய கருத்தும் இங்கே பொருந்தும். மின்பணி செய்வோருக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. இணைய வடம் இழுப்போரிடம் அத்தகைய சான்றிதழை எவரும் கேட்பதில்லை. தரவு சாக்கெட்டைச் சரிபார்க்கத் திறப்பவர் எதிரே உயிருள்ள மின்முனை இருக்கக் கூடாது என்பது அவருடைய விழிப்புக்கு விடப்பட வேண்டியதன்று. பெட்டியின் அமைப்பே உறுதி செய்ய வேண்டியது.

மாடுலர் முகத்தட்டு தரும் மயக்கம்

இந்திய வீடுகளில் இன்று பரவலாக உள்ளது மாடுலர் முறை. ஒரே சட்டத்தில் சுவிட்சு, 6 ஆம்பியர் சாக்கெட், தொலைக்காட்சி சாக்கெட், இணைய சாக்கெட் ஆகிய எதனையும் அடுத்தடுத்துப் பொருத்தலாம். முன்புறம் காண ஒழுங்காகவும் அழகாகவும் இருக்கும். பின்புறம் இருப்பதோ தடுப்பு எதுவுமற்ற ஒரே உலோகப் பெட்டி. முகத்தட்டில் தெரியும் வரிசை, உள்ளேயும் பிரிவு இருக்கிறது என்னும் மயக்கத்தைத் தருகிறது.

பிரித்தானிய மின்நிறுவல் நெறிகள் இதற்கு இரு வழிகளை மட்டுமே ஏற்கின்றன. ஒரே உறைக்குள் இருக்கும் எல்லாக் கம்பிகளும் அங்குள்ள மிகையழுத்தத்தைத் தாங்கும் காப்புறை பெற்றிருக்க வேண்டும். இன்றேல் இடையே தடுப்பு வேண்டும். வழக்கமான இணைய வடத்தின் காப்புறை மின்வழங்கல் அழுத்தத்திற்கென மதிப்பிடப்பட்டதன்று. எனவே முதல் வழி அடைபடுகிறது. எஞ்சுவது இரண்டு: தனித்தனிப் பெட்டிகள், அல்லது நிலையான இடைத்தடுப்புக் கொண்ட ஒரே பெட்டி. இடம் கிடைக்குமிடத்தில் தனிப் பெட்டியே எளிது, மலிவு, பிழையற்றது. மேசையடி, தரைப்பெட்டி, தொலைக்காட்சிச் சுவர் போன்ற இடங்களில் ஒரே பெட்டி தேவைப்படும்போதுதான் பின்வரும் நெறிகள் பயன்படுகின்றன.

இடைத்தடுப்பு: உலோகமா, காப்புப்பொருளா?

மண்ணிணைப்புப் பெற்ற உலோகத் தடுப்பு இரு பணிகளைச் செய்கிறது. மின்புலத்தைத் தடுக்கிறது, மின்கம்பி அதனைத் தொட்டால் பழுது மின்னோட்டத்திற்கு வழி தந்து துண்டிப்பானை விழச் செய்கிறது. ஆனால் இரண்டாம் பணி மண்ணிணைப்பின் தரத்தைப் பொறுத்தது. ஒரு வீட்டின் மண்குழி எதிர்ப்பு 5 ஓம் எனக் கொள்வோம். பழுது மின்னோட்டம் 46 ஆம்பியர்தான். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். எனவே அது வெப்பத்தால் விழும்வரை தடுப்பே உயிருள்ள தகடாக நிற்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் இச்சிக்கல் இல்லை. ஆர்.சி.சி.பி. இல்லாத, மண்ணிணைப்பு உறுதியற்ற வீட்டில் உலோகத் தடுப்பைவிடத் தடித்த காப்புப்பொருள் தடுப்பே பாதுகாப்பானது.

மண்ணிணைப்பே இல்லாத உலோகத் தடுப்பு எல்லாவற்றிலும் தீயது. அது மின்புலத்தைத் தடுப்பதற்கு மாறாக, இரு பக்கத்தையும் இணைக்கும் மின்தேக்கித் தகடாக மாறிவிடுகிறது. மெல்லிய எஃகுத் தகடு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை முற்றும் தடுக்கும் என எண்ணுவதும் தவறு. காந்தத் தூண்டலைக் குறைப்பன இடைவெளியும் முறுக்கும், போக்குக் கம்பியையும் வரவுக் கம்பியையும் ஒன்றாகவே செலுத்துவதும்தாம்.

எப்பொருளாயினும், தடுப்பு பெட்டியின் அடித்தகட்டிலிருந்து முகத்தட்டின் பின்புறம் வரை இடைவெளியின்றி அமைய வேண்டும். கருவியின்றிக் கழற்ற இயலாததாக இருக்க வேண்டும். குழாய் நுழையும் துளைகள் பக்கத்திற்குப் பக்கம் வேறாக இருக்க வேண்டும். தடுப்பில் துளையிட்டு வடத்தை அப்பக்கம் கடத்தக் கூடாது. மூடியும் இரண்டாக இருத்தல் நன்று. தரவுப் பக்கத்தைத் திறக்கும்போது மின்பக்கம் மூடியே இருக்கும்.

கொள்ளளவும் வளைவும்

தடுப்பு வைப்பதால் ஒவ்வொரு பக்கத்தின் கொள்ளளவும் குறைகிறது. சிறிய பெட்டியில் தடுப்பைத் திணித்தால் மின்கம்பிகள் நெருக்குண்டு, இணைப்புகள் தளர்ந்து, வெப்பம் மிகும். அமெரிக்க மின்விதித் தொகுப்பு 3.31 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 37 கனசென்டிமீட்டர் இடம் வேண்டும் என்கிறது. நம் வீடுகளின் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கும் இதனைப் பாதுகாப்பான அளவாகக் கொள்ளலாம். உள்ளே வரும் இரு கம்பிகள், வெளியே செல்லும் இரு கம்பிகள், மண்கம்பிகளுக்காக ஒன்று, சாக்கெட்டுக்காக இரண்டு என ஏழு பங்கு கணக்கிட்டால் 259 கனசென்டிமீட்டர் வேண்டும்.

உள்ளளவு 130 × 70 × 48 மில்லிமீட்டர் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் தடுப்பு நீங்க, மின்பக்கத்திற்கு 84, தரவுப் பக்கத்திற்கு 44 மில்லிமீட்டர் அகலம் ஒதுக்கினால், மின்பக்கம் 282 கனசென்டிமீட்டர் பெறுகிறது, போதும். சரிபாதியாகப் பிரித்தால் மின்பக்கத்திற்குக் கிடைப்பது 215 மட்டுமே, போதாது. எனவே தடுப்பு நடுவில் நிற்க வேண்டும் என்பது கண்ணுக்கு இனிய முடிவேயன்றிக் கணக்குக்கு இசைந்ததன்று.

தரவுப் பக்கத்தில் தடையாவது கொள்ளளவன்று, ஆழம். முறுக்கிணை வடத்தை அதன் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கலாகாது. 6 மில்லிமீட்டர் வடத்திற்கு அவ்வாரம் 24 மில்லிமீட்டர். சாக்கெட்டின் நீளம் 30 மில்லிமீட்டர் எனில், வடம் நேரே பின்புறம் வெளியேறித் திரும்ப 54 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும், 48 போதாது. ஆழமான பெட்டியோ, வடம் பக்கவாட்டில் வெளியேறும் சாக்கெட்டோ தேவை. முனையில் முறுக்கைப் பிரிக்கும் நீளமும் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

தொழிற்கூடமும் கடற்கரையும்

தொழிற்கூடத்தில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இயக்கிகள் ஒரு மைக்ரோநொடிக்கு 1,000 வோல்ட் என்னும் அளவில் அழுத்தத்தை மாற்றக்கூடியவை. முன்னர்க் கண்ட 500 பிக்கோஃபாரட் வழியே அப்போது பாயும் கணநேர மின்னோட்டம் அரை ஆம்பியர். உணரிகளின் சைகையைக் குலைக்க இது போதும். இங்கே பெட்டியில் தடுப்பு மட்டும் வைத்துப் பாதையை ஒன்றாக விடுவதால் பயனில்லை. இயக்கியின் மோட்டார் வடம் தனித் தட்டில், உலோக உறையுடன் செல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி.யும் உறுதியான மண்ணிணைப்பும் பேணப்படும் இடமாதலால் உலோகத் தடுப்பு இங்கே பொருந்தும்.

மாமல்லபுரம், கோவளம் போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று துத்தநாகம் பூசிய பெட்டியையும் விரைவில் அரிக்கிறது. முதலில் பழுதாவது பெரும்பாலும் மண்ணிணைப்புத் திருகாகும். அது துருப்பிடித்தால், நன்கு அமைத்த உலோகத் தடுப்பும் மண்ணிணைப்பற்ற தகடாகிவிடும். ஆகவே கரையோரத்தில் காப்புப்பொருள் பெட்டி, காப்புப்பொருள் தடுப்பு, துருவேறா எஃகுத் திருகு ஆகியனவே தக்கன. வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர்ப் பெட்டிக்கு நீர்க்காப்பு மூடியும் கீழ்நோக்கிய குழாய் நுழைவும் வேண்டும்.

பழைய வீட்டில் செய்யத்தக்கது

சுவரை வெட்ட இயலாத வீட்டில், தரவு வடத்தை மின்குழாயில் விடுவதைவிடச் சுவரின் மேல் தனிப் பட்டைக்குழாயில் கொண்டுசெல்வதே முறை. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆதலால் அதனை மின்குழாயில் விடலாம் என்னும் கருத்தும் உண்டு. கண்ணாடியிழை கடத்தாது என்பது உண்மை. ஆனால் தெருக்கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் ஒளியிழை வடங்கள் பலவற்றில் வலுவிற்காக எஃகுக் கம்பி உண்டு. அவ்வெஃகு மற்ற எந்தக் கம்பியையும் போலவே மின்சாரத்தைக் கடத்தும்.

பணி முடிந்தபின் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. முதலாவது, மின்வழங்கலை நிறுத்தி, இணையக் கருவிகள் அனைத்தையும் கழற்றியபின், மின்கம்பிகளுக்கும் தரவு வடத்திற்கும் இடையே மெகர் கருவியால் 500 வோல்ட்டில் காப்பு எதிர்ப்பை அளத்தல். அது 1 மெகாஓமுக்குக் குறையலாகாது. இரண்டாவது, உலோகத் தடுப்பாயின் அதற்கும் மண்முனைக்கும் உள்ள தொடர்ச்சியைச் சோதித்தல். மூன்றாவது, தரவு மூடியை மட்டும் திறந்து, விரலுக்கு எட்டும் தொலைவில் மின்முனை எதுவும் இல்லை எனக் கண்ணால் உறுதி செய்தல். இணையம் இயங்குவது இவற்றுள் எதற்கும் சான்றாகாது.

முடிவுரை

மின்கம்பியையும் தரவு வடத்தையும் பிரித்தல் என்பது ஒரே விதியன்று. இரு வேறு காரணங்களால் அமைந்த இரு விதிகள். நீண்ட பாதையில் இரைச்சலைக் குறைக்க இடைவெளி வேண்டும். குறுகிய பெட்டியில் உயிரைக் காக்கத் தடுப்பு வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொள்வோர், இணையம் தடையின்றி இயங்குவதைக் கண்டு பெட்டியும் பாதுகாப்பாக உள்ளது என முடிவு செய்கின்றனர்.

வாடகைக்கு இருப்போர் மாறுகின்றனர். தொழிற்கூடங்களும் கை மாறுகின்றன. பெட்டியை அமைத்தவர் அதனைத் திறப்பவருக்கு எதனையும் சொல்லும் வாய்ப்புப் பெறுவதில்லை. எனவே அவர் சொல்ல வேண்டியதைப் பெட்டியின் அமைப்பே சொல்ல வேண்டும்: தனி நுழைவு, தனி மூடி, அகற்றவியலாத தடுப்பு, ‘மின்கம்பி’, ‘தரவு வடம்’ எனத் தமிழில் எழுதிய இரு சீட்டுகள். வீடு கட்டும் காலத்திலேயே தரவுக்கெனத் தனிக் குழாயும் தனிப் பெட்டியும் பதிப்பதற்கு ஆகும் செலவு சிறிது. சுவர் பூசியபின் அதே பிரிவை உண்டாக்குவது பெரும்பாலும் இயலாதது.